இரண்டு நஞ்சு, ஒரு புட்டி

நம்முடைய குடியானவர்கள் பயிருக்கு நஞ்சு அடிப்பதாக ஒருநாளும் சொல்வதில்லை. மருந்து அடிக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். கடைக்காரரும் மருந்துக் கடைக்காரர்தான். பூச்சி விழுந்த பயிர் நோயாளி. வாங்கி வந்த புட்டி ஔஷதம். இந்த ஒரு வார்த்தைக்குள் எழுபது எண்பது வருஷத்துச் சரித்திரம் ஒளிந்துகொண்டிருக்கிறது என்றால் வாசகர்கள் சிரிக்கக் கூடாது.

புதுக்கோட்டைக்குத் தென்கிழக்கே இருக்கும் அரிமளத்துச் சீமையை எடுத்துக்கொள்ளுங்கள். காவிரித் தண்ணீர் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. வானம் பார்த்த கண்மாய்ப் பாசனம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து கண்மாய் நிறைந்தால் ஒரு போகம் நெல். நிறையாவிட்டால், ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அந்த ஒரு போகமும் இல்லை. தஞ்சாவூர்க்காரருக்குக் குறுவை போனாலும் தாளடி என்று ஒரு ஆறுதல் உண்டு. இங்கே அந்தப் பேச்சே கிடையாது. மார்கழியில் குருத்து காய்ந்து வெளுத்தால் வருஷத்துச் சாப்பாடு வெளுத்தது என்று அர்த்தம். ஆகவே, ஒரு மருந்தை அடித்துவிட்டுப் பத்து நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று அவரிடம் உபதேசம் செய்வது சுலபமல்ல.

"புழுவும் இருக்கு, புகையானும் இருக்கு அண்ணே. எதைக் கொடுப்பீங்க?"

"ரெண்டுக்கும் சேத்து ஒண்ணு வந்திருக்கு. கொண்டுபோய் அடிங்க."

மருந்துக் கடைகளில் தினமும் நடக்கிற சம்பாஷணை இது. அந்த 'ரெண்டுக்கும் சேத்து ஒண்ணு' எங்கிருந்து வந்தது என்பதுதான் நம் கதை.

அந்தக் காலத்தில் பூச்சியே இல்லை என்று பெரியவர்கள் சொல்வதை நம்பிவிடாதீர்கள். இருந்தது. 1914இல் பெயின்பிரிட்ஜ் பிளெட்சர் என்ற ஆங்கிலேயர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றித் தலையணை போல ஒரு புத்தகம் எழுதினார். கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் உழைத்த டி.வி. ராமகிருஷ்ண ஐயர், தென்னிந்தியாவின் பயிர்ப் பூச்சிகளைப் பற்றிய தம்முடைய கைநூலை 1940இல் வெளியிட்டார். பூச்சி இல்லாத தேசத்தில் இத்தனை பக்கம் எழுத விஷயம் கிடைத்திருக்காது. ஆனால் அன்றைய சிகிச்சைகளைக் கவனியுங்கள். நெல்லில் கூண்டுப்புழு விழுந்தால் வயல் தண்ணீரில் கொஞ்சம் மண்ணெண்ணெயை விட்டு, இரண்டு பேர் இரண்டு வரப்பில் நின்று, ஒரு கயிற்றைப் பயிரின் மேல் இழுத்துக்கொண்டே போவார்கள். கூண்டோடு புழு தண்ணீரில் விழும், எண்ணெயில் செத்துப்போகும். கதிர்நாவாய்ப்பூச்சிக்கு வலை. அந்துப்பூச்சிக்கு விளக்குப் பொறி.

பருத்திக்கு அன்றைய சர்க்கார் செய்தது இன்னும் வேடிக்கை. மருந்து கொடுக்கவில்லை, சட்டம் போட்டது! 1919இல் சென்னை மாகாணத்தில் பயிர்ப்பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டம் வந்தது. கம்போடியாப் பருத்தி போட்டவர்கள் குறிப்பிட்ட தேதிக்குள் செடிகளைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் குற்றம். இரண்டு பயிருக்கு நடுவே காடு வெறுமையாகக் கிடந்தால் தண்டு வண்டுக்கும் காய்ப்புழுவுக்கும் தங்க இடமிராது, பட்டினி கிடந்து சாகும் என்பது கணக்கு. குடியானவர்களுக்கு இது பிடித்திருக்க முடியாது. இன்னும் நாலு காய் பறிக்கலாம் என்று நிற்கிற செடியைப் பிடுங்கு என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனாலும் பூச்சியின் பிழைப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து அங்கே கைவைத்த யோசனை அது. பின்னால் வந்த புட்டிகளில் அந்தப் புத்தி குறைவு.

அப்புறம்தான் டி.டி.டி. வந்தது. 1874இலேயே ஒருவர் அதைச் செய்து, என்னத்துக்கு உதவும் என்று தெரியாமல் வைத்துவிட்டார். 1939இல் சுவிட்சர்லாந்தில் பால் முல்லர் அதன் கொல்லும் சக்தியைக் கண்டுபிடித்தார். 1948இல் நோபல் பரிசு வாங்கினார். அதுவும் வைத்தியத்துக்கான பரிசு! மலேரியாக் கொசுவையும் டைபஸ் பேனையும் கொன்ற பொருளுக்கு அது பொருத்தம்தான். மருந்து என்று நம் ஊரில் பெயர் நிலைத்ததில் ஆச்சரியம் என்ன? அதன் ஜோடி பி.எச்.சி. பாரடே அதை 1825இல் செய்தார்; 1940களில்தான் அது பூச்சியைக் கொல்லும் என்று தெரிந்தது. 1952இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் பி.எச்.சி. தொழிற்சாலை ஏற்பட்டது. நம் தேசத்துப் பூச்சிமருந்து உற்பத்தி அங்கே தொடங்கியது.

இந்த இரண்டும் பிறந்த கையோடு கலப்பும் பிறந்துவிட்டது. அமெரிக்காவின் தென் மாகாணங்களில் பருத்திக்கு 3-5-40 என்று ஒரு பொடி தூவினார்கள். பி.எச்.சி.யின் வீரியமான பகுதி நூற்றுக்கு 3, டி.டி.டி. 5, கந்தகம் 40. பெயரைக் கேட்டால் ஏதோ ரயில் வண்டி நம்பர் மாதிரி இருக்கிறது. ஏன் மூன்று? பருத்திக் காய் வண்டுக்கு பி.எச்.சி. வேண்டும், அதற்குக் காய்ப்புழு மசியாது, ஆகவே டி.டி.டி.; டி.டி.டி. அடித்தால் இலைச் சிலந்திப்பேன் பெருகும், ஆகவே கந்தகம். பாருங்கள்: மூன்றாவது சரக்கு, இரண்டாவது சரக்கு உண்டாக்கிய வியாதிக்கு வைத்தியம்! கலப்பு மருந்தின் ஜாதகம் முழுவதும் இந்த ஒரு சூத்திரத்திலேயே எழுதியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஜாதகம் முதலில் பலித்தது பெரு நாட்டில். கன்யேத்தே என்ற பள்ளத்தாக்கில் சுற்றிலும் பாலைவனம், நடுவே பருத்தி. 1949 முதல் புதிய மருந்துகளை மழையாகப் பொழிந்தார்கள். ஹெக்டேருக்கு 1950இல் 494 கிலோவாக இருந்த பஞ்சு 1954இல் 728 கிலோவாயிற்று. எல்லோரும் மீசையை முறுக்கிக்கொண்டார்கள். 1956இல் 332 கிலோ! பழைய புழுக்கள் மருந்தை ஜீரணிக்கக் கற்றுக்கொண்டன. அதுவரை தலைகாட்டாத பூச்சிகளும், அவற்றைத் தின்னும் பிராணிகள் செத்துவிட்டதால், புதிதாகக் கிளம்பின. கடைசியில் விவசாயிகளே கூடிப் புதுமருந்துகளுக்குத் தடை போட்டு, நன்மை செய்யும் பூச்சிகளை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். விளைச்சல் திரும்பி வந்தது.

இந்தச் செய்தி நம்மை எட்டவில்லையா என்றால், நமக்கு அப்போது வேறு கவலை. அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். 1960-இல் தஞ்சாவூரில் தீவிர சாகுபடித் திட்டம் வந்தது. 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 நெல் வெளிவந்தது. உரம் தின்று குட்டையாக, அடர்ந்து வளரும் பயிர். மனிதனுக்குப் பிடித்த பயிர் பூச்சிக்கும் பிடிக்கும். அந்த மருந்துகளைக் குறை சொல்வதற்கு முன், அன்றைக்குப் பசி எப்படி இருந்தது என்பதையும் நினைத்துக்கொள்வது நியாயம்.

நெல்லில் பாடம் சொல்லிக்கொடுத்தது புகையான். வயலில் வட்ட வட்டமாகப் பயிர் புகைந்து கருகியதுபோல் நிற்கும். கடுகு பெரிது பண்ணினாற்போல் ஒரு பழுப்புப் பூச்சி. தூரில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. 1973-74இல் கேரளத்துக் குட்டநாட்டை அது ஒரு உலுக்கு உலுக்கியது. விசித்திரம் என்னவென்றால், மருந்தடிக்க அடிக்கப் புகையான் கூடியது. காரணத்தைப் பிற்பாடு கண்டார்கள். அதன் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. மருந்து அங்கே போவதில்லை. வெளியே சாவது யார்? நெல் வயலில் ஓடித் திரியும் சிலந்தி. அது ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சிகளைத் தின்னும், கூலி கேட்பதில்லை. காவற்காரனைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்து வைத்தால் முட்டையிலிருந்து வரும் குஞ்சுகளுக்குக் கொண்டாட்டம்தானே? இந்தோனேஷியாவில் 1986இல் ஜனாதிபதி சுகார்த்தோ நெல்லுக்கு 57 மருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தார். இரண்டொரு வருஷத்தில் மருந்துக்குக் கொடுத்த மானியத்தையும் நிறுத்தினார்கள். அரிசி குறையவில்லை.

பருத்திக்கு வருவோம். பருத்தி அரிமளத்துப் பயிரல்ல. பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசலில் அதைப் பார்க்க வேண்டும். ஆனால் நெல்லுக்கு இன்று விற்கிற கலப்புப் புட்டியின் தாய்வீடு பருத்திக் காடுதான்.

அந்தப் புட்டிக்குள் குடியிருக்கிற இருவரின் வம்சத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பாஸ்பரஸ் வகை. ஜெர்மனியில் ஷ்ரேடர் என்ற ரசாயன நிபுணர் பூச்சிமருந்து தேடப் போய் 1936இல் டாபுன் என்ற யுத்த விஷவாயுவைக் கண்டுபிடித்தார். பிறகு பராத்தியானையும் அவரே செய்தார். 1958இல் அந்தப் பராத்தியான் கேரளத்தில் கோதுமை மாவு மூட்டைகளில் கசிந்து, நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். நம் தேசத்துப் பூச்சிமருந்துச் சட்டம் 1968இல் வந்ததற்கு அந்தச் சாவுகளே காரணம். இன்னொருவர் சாமந்தி இனத்துப் பூ ஒன்றின் சத்தைப் பார்த்து 1970களில் ஆராய்ச்சி சாலையில் செய்யப்பட்ட பைரித்திராய்டு: சைபர்மெத்ரின் முதலானவை. விஷவாயுவுக்குத் தம்பியும் பூவுக்கு வளர்ப்புப் பெண்ணும் ஒரே வீட்டில் குடித்தனம்!

ஏன் சேர்த்தார்கள்? 1980களின் தொடக்கத்தில் பைரித்திராய்டு பருத்திக்கு வந்தபோது காய்ப்புழு கொத்துக் கொத்தாய் விழுந்தது. 1987இல் ஆந்திரத்துக் குண்டூர், பிரகாசம் ஜில்லாக்களில் புழு அதைச் சட்டை செய்யவில்லை. இருபது முறை, முப்பது முறை அடித்தார்கள். கடன் ஏறியது, விவசாயிகள் பலர் உயிரை விட்டார்கள். புழுவின் உடம்பில் பைரித்திராய்டை உடைத்துப் போடும் நொதி ஒன்று மிகுந்துவிட்டது என்று ஆராய்ந்து சொன்னார்கள். பாஸ்பரஸ் மருந்து அந்த நொதியின் கையைக் கட்டிவிடும். கை கட்டுண்டால் பூவின் பெண் தன் வேலையைச் செய்யலாம். புரோபெனோபாஸ் 40 பங்கு, சைபர்மெத்ரின் 4 பங்கு என்றும், குளோர்பைரிபாஸ் 50, சைபர்மெத்ரின் 5 என்றும் வந்த கலப்புகளின் தத்துவம் இதுவே. கெட்டிக்காரத்தனமான யோசனை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அளவோடும் பருவத்தோடும் பயன்படுத்தினால் பலன் உண்டு.

ஆனால் அதே வகை நொதி மருந்தடிக்கிறவன் உடம்பிலும் இருக்கிறது. அங்கேயும் கை கட்டுண்டுதான் போகும். பாஸ்பரஸ் வகைக்கு வைத்தியர்கள் அட்ரோபின் ஊசி போடுவார்கள்; பைரித்திராய்டுக்கென்று தனி மாற்று மருந்து இல்லை. நெல்லுக்கோ இன்னொரு வினை: பைரித்திராய்டு விழுந்த வயலில் புகையான் கிளம்பும். பருத்திக்காரர் புட்டியை நெல்லுக்காரர் வாங்கிக்கொண்டு போனால், இருக்கிற புழுவுக்கு மருந்தும் இல்லாத புகையானுக்கு அழைப்பும் சேர்த்தே கொண்டுபோகிறார். புகையானுக்கென்றே செய்த வேறு கலப்புகள் உண்டு, பூப்ரோபெசினும் அசிபேட்டும் சேர்ந்தது போல. எது எதற்கு என்பது புட்டியில் பொடி எழுத்தில் இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணத்தில் விஷத்தின் தரத்தையும் சட்டப்படி அச்சிட்டிருக்கிறார்கள். கலியாணப் பத்திரிகையில் மங்கலத்துக்கு வைக்கிற மஞ்சள், இங்கே சிவப்புக்கு அடுத்த கொடிய நஞ்சின் அடையாளம் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

போதாததற்குப் புட்டிக்கு வெளியேயும் கலப்பு நடக்கிறது. கம்பெனி கலந்ததோடு கடைக்காரர் ஒன்று, வயலுக்குச் சொந்தக்காரர் ஒன்று என்று தெளிப்பானுக்குள் நாலு சரக்கு இறங்கும். 2017இல் மகாராஷ்டிரத்து யவத்மால் ஜில்லாவில் பருத்தி ஆளுயரம் வளர்ந்து நின்றது. அதற்குள் நுழைந்து இப்படிப் பலதையும் கலந்து அடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதே வருஷம் பெரம்பலூர்ப் பருத்திக் காடுகளிலும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. முதுகில் தெளிப்பானைச் சுமப்பவர் பெரும்பாலும் நிலத்துக்காரர் அல்ல, கூலியாள். புட்டியை அவர் வாங்கவுமில்லை, தேர்ந்தெடுக்கவுமில்லை.

வயலில் அடித்தது போக மிச்சம் வீட்டு இறவாணத்தில் இருக்கிறது. அதுதான் இந்தக் கதையின் மிகத் துக்கமான பகுதி. அதிகம் விவரிக்க மனமில்லை. நமக்கு அடுத்த கரையான இலங்கையில் 1995இல் மோனோகுரோட்டோபாஸையும் மெத்தமிடோபாஸையும், 1998இல் எண்டோசல்பானையும் தடை செய்தார்கள். 2005க்குள் அங்கே தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வயல் விளைச்சல் விழுந்துவிடவில்லை.

தமிழ்நாட்டு சர்க்காரும் இதே கவலையோடு 2022-23இல் ஆறு மருந்துகளுக்குத் தடை போட்டது. மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் என்று நான்கு. மீதி இரண்டும் நாம் மேலே பார்த்த அதே கலப்புகள், புரோபெனோபாஸ்-சைபர்மெத்ரினும் குளோர்பைரிபாஸ்-சைபர்மெத்ரினும். ஆனால் 1968ஆம் வருஷத்துச் சட்டப்படி நிரந்தரத் தடை போடும் அதிகாரம் மத்திய சர்க்காருக்கே உண்டு. மாநிலம் தானாக நிறுத்தி வைக்கக்கூடியது அறுபது நாள். அரிமளத்துக் கண்மாயில் தண்ணீர் விட்டு நாற்று நட்டவருக்கு, அறுபது நாளில் நெல் கதிர்கூடத் தள்ளியிருக்காது.