கதையும் மூளையும்

கதையைக் கேட்கும்போதும் படிக்கும்போதும் மூளை என்ன செய்கிறது என்று ஆராய்ந்து, அந்த அறிவைக் கதை எழுதுவதற்குப் பயன்படுத்தும் துறை. உளவியல், நரம்பியல், இலக்கியத் திறனாய்வு, திரைப்படவியல் ஆகியவை இதில் கலக்கின்றன. அமெரிக்கரான லிசா க்ரான் 2012இலும் ஆங்கிலேயரான வில் ஸ்டோர் 2019இலும் எழுதிய கையேடுகள் இதைப் பொதுவாசகரிடம் கொண்டுசேர்த்தன. ஆயினும் எழுதுபவருக்கு உண்மையில் கைகொடுக்கும் கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவை, மூளையைப் படமெடுக்கும் கருவிகள் வருமுன்பே, காகிதத்தையும் படச்சுருளையும் வைத்துக்கொண்டு செய்யப்பட்டவை. காரணம் கிடைக்காத இடத்தில் வாசக மனம் தானே ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்ளும் என்பதே அவற்றின் சாரம்.

முன்னோடி ஆய்வுகள்

கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஃபிரெடரிக் பார்ட்லெட், மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் பதிவுசெய்த வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்தார். சீல் வேட்டைக்குப் போன இளைஞன் ஒருவனை அந்நியர்கள் போருக்கு அழைத்துச் செல்கிறார்கள். அவன் அடிபடுகிறான், வலி தெரியவில்லை. அவர்கள் பேய்கள் என்று அவனுக்குத் தோன்றுகிறது. ஊர் திரும்பி நடந்ததைச் சொல்கிறான். பொழுது விடிந்ததும் வாயிலிருந்து கறுப்பாக ஏதோ வெளிவர, விழுந்து சாகிறான். படித்தவர்கள் சிறிது நேரம் கழித்தும், நாள்கள் மாதங்கள் கழித்தும் இதை நினைவிலிருந்து எழுதினார்கள். சீல் வேட்டை மீன்பிடித்தல் ஆயிற்று. தோணி சாதாரணப் படகானது. பேய்கள் பலருடைய கதையிலிருந்து காணாமலே போயின. வாயிலிருந்து வந்த கறுப்பு நுரையாக மாறியது. 1932இல் வெளியான பார்ட்லெட்டின் நூலில் அவர்கள் மறந்தவற்றைவிட மாற்றியவையே சுவையானவை. தொடர்பற்று நின்ற இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே, மூலத்தில் இல்லாத ஒரு காரணத்தைச் செருகியபின்தான் அவர்களுக்குக் கதை பிடிபட்டது.

இதற்குச் சில ஆண்டுகள் முன், 1927இல், பெர்லினில் குர்ட் லெவினின் மாணவி புளூமா ஸைகார்னிக், பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகள் முடிந்த வேலைகளைவிட நன்றாக நினைவில் தங்குவதாக எழுதினார். வார இதழ்களில் 'தொடரும்' போட்டவர்களுக்கு இதைத் தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவைப்படவில்லை.

முக்கோணப் படம்

இத்துறையின் மிகச் சிறந்த ஆய்வு 1944இல் வெளியானது. வியன்னாவில் பிறந்த ஃபிரிட்ஸ் ஹைடரும் மேரியான் சிம்மெலும் அமெரிக்காவின் ஸ்மித் பெண்கள் கல்லூரியில் ஒரு சிறிய ஊமைப்படம் எடுத்தார்கள். ஓடும் நேரம் ஏறத்தாழ இரண்டரை நிமிடம். அதில் இருப்பவை ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம், கதவுபோலத் திறந்து மூடும் பகுதியுடைய ஒரு செவ்வகம் ஆகிய நான்கே. பெரிய முக்கோணம் செவ்வகத்துக்குள் இருக்கிறது. சிறியதும் வட்டமும் சேர்ந்து வருகின்றன. பெரியது வெளியே வந்து சிறியதை முட்டுகிறது. வட்டம் உள்ளே நுழைந்துகொள்ள, பெரியதும் உள்ளே போய் அதை மூலையில் மடக்குகிறது. சிறியது கதவைத் திறந்ததும் வட்டம் வெளியேறுகிறது. இரண்டும் செவ்வகத்தைச் சுற்றி ஓட, பெரியது துரத்துகிறது. அவை தப்பிப் போனபின் பெரியது செவ்வகத்தின் சுவர்களை இடித்து உடைக்கிறது.

என்ன நடந்தது என்று எழுதும்படி மட்டும் கேட்கப்பட்ட 34 மாணவியரில் ஒரே ஒருவர்தான் ஏறக்குறைய முழுவதும் வடிவியல் மொழியில் எழுதினார். மற்றவர்கள் எழுதியது கதை. பெரிய முக்கோணம் முரடன், வட்டம் பயந்த பெண், சிறிய முக்கோணம் தைரியசாலி, செவ்வகம் வீடு. சுவரை இடித்தது ஆத்திரம்.

முகமோ பெயரோ வசனமோ இல்லாத இப்படத்தில் பாத்திரங்களை உண்டாக்கியவை வேகம், திசை, யார் யாரைத் தொடர்கிறார் என்பது, கதவு திறக்கும் நேரம் ஆகியவை மட்டுமே. நாயகனின் மூக்கையும் சட்டையையும் வருணிப்பதில் முதல் அத்தியாயத்தைச் செலவிடுபவர்கள் ஒருமுறை பார்க்கவேண்டிய படம் இது. ஏதோ ஒன்றை வேண்டி நகர்கிறது என்று தோன்றிய மாத்திரத்தில் முக்கோணத்துக்கும் உயிர் வந்துவிடுகிறது.

பிற்கால நரம்பியல் இதை உறுதிசெய்தது. 2000இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில், இதேபோன்ற முக்கோணப் படங்களைப் பார்த்தவர்களிடம், பிறர் மனத்தை ஊகிக்க உதவும் முன்மூளையின் நடுப்பகுதி கூடுதலாக இயங்கியது. உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப்பகுதி இரு பக்கமும் சிதைந்திருந்த ஒரு பெண் ஹைடர்-சிம்மெல் படத்தைப் பார்த்துவிட்டு வெறும் வடிவங்களின் அசைவாகவே அதை விவரித்தார் என 2004இல் ஓர் ஆய்வு பதிவுசெய்தது.

இடது மூளையின் விளக்கம்

வலிப்பைக் கட்டுப்படுத்துவதற்காக, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றை வெட்டப்பட்ட ஒருவரை 1970களில் மைக்கேல் கஸானிகாவும் ஜோசப் லெடூவும் சோதித்தார்கள். இடது மூளைக்கு ஒரு கோழிக்கால் படமும், வலது மூளைக்குப் பனி மூடிய காட்சியும் காட்டப்பட்டன. முன்னால் இருந்த படங்களிலிருந்து, இடது மூளை இயக்கும் அவரது வலது கை கோழியைத் தேர்ந்தது. வலது மூளை இயக்கும் இடது கை பனி அள்ளும் மண்வாரியைத் தேர்ந்தது. பேச்சு இடது மூளையின் வேலை. அது பனியைப் பார்க்கவே இல்லை. மண்வாரி எதற்கு என்று கேட்டபோது, கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய என்று அவர் தயங்காமல் பதில் சொன்னார். கஸானிகா இந்த ஆற்றலுக்கு 'விளக்குநர்' என்று பெயரிட்டார். பார்ட்லெட்டின் வாசகர்கள் செய்ததும் இதைத்தான். 'தெரியாது' என்பதைவிட ஒரு கதை மனத்துக்கு எளிதாக வருகிறது.

படமெடுப்புக் காலம்

1990களில் பரவிய எஃப்.எம்.ஆர்.ஐ. கருவி, வேலைசெய்யும் மூளையைப் பார்க்க வழிசெய்தது. ஸ்பெயினில் நடந்த ஓர் ஆய்வில் (2006) பூண்டு, லவங்கப்பட்டை, மல்லிகை போன்ற சொற்களைப் படித்தவர்களுக்கு மணத்தை உணரும் பகுதி இயங்கியது. ஒரு சிறுவனின் ஒரு நாளை விவரிக்கும் கதையைப் படித்தவர்களிடம், அவன் ஒரு பொருளைக் கையில் எடுக்கும் இடத்தில், கையசைவு தொடர்பான பகுதிகள் இயங்கியதை செயின்ட் லூயிஸ் ஆய்வாளர்கள் 2009இல் காட்டினர்.

பிரின்ஸ்டனைச் சேர்ந்த யூரி ஹாசன் குழு, ஒரே படத்தைப் பார்க்கும் பலருடைய மூளைகள் எந்த அளவுக்கு ஒன்றுபோல இயங்குகின்றன என்று அளந்தது. ஹிட்ச்காக்கின் தொலைக்காட்சிக் கதை ஒன்றுக்கு மூளைப் புறணியில் 65 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திசைந்தது. பூங்கா ஒன்றை வெறுமனே பதிவுசெய்த காட்சிக்கு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. 2010இல் இதே குழு, கதை சொல்லும் ஒருவரின் மூளையியக்கம் கேட்பவரிடம் சற்றுத் தாமதமாக எதிரொலிப்பதைக் கண்டது. நன்றாகப் புரிந்துகொண்டவர்களிடம் சில பகுதிகள் சொல்பவரையே முந்திக்கொண்டன. தெரியாத மொழியில் சொன்னபோது இந்த ஒட்டுறவு அற்றுப்போனது. ஒத்திசைவு என்பது பிடியின் அளவு, தரத்தின் அளவு அன்று. விளம்பரக்காரர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம்.

1990களில் இத்தாலியின் பார்மா நகரில் குரங்குகளிடம் கண்டறியப்பட்ட கண்ணாடி நியூரான்கள் (தான் ஒன்றைச் செய்யும்போதும் பிறர் அதைச் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் நரம்பணுக்கள்), பாத்திரங்களோடு நாம் ஒன்றுவதற்குக் காரணம் என்று நெடுநாள் சொல்லப்பட்டது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்கு இவை செய்யும் என்றார். அது மிகைக்கூற்று. இலக்கியப் புனைவைச் சிறிது நேரம் படித்தாலே பிறர் மனத்தை அறியும் திறன் கூடும் என்ற 2013ஆம் ஆண்டு ஆய்வும் மறுசோதனைகளில் நிற்கவில்லை.

எழுத்தில் பயன்

காரணத்தைப் பாதி சொல்லி நிறுத்துவதே முதற்பயன். 'அவள் கோபமாக இருந்தாள்' என்ற வாக்கியம் வாசகருக்கு வேலை எதையும் மிச்சம் வைப்பதில்லை. கணவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்துபோய் ஏற்கெனவே கழுவிய தம்ளரை மறுபடி கழுவினாள் என்று எழுதினால், கோபத்தை வாசகரே கண்டுபிடிக்கிறார். தானே கண்டதை அவர் சந்தேகிப்பதில்லை. ஆனால் இடைவெளி அளவோடு இருக்கவேண்டும். பிடிமானமே இல்லாமல் விட்டால், பார்ட்லெட்டின் ஆட்களைப்போல வாசகர் வேறொரு கதையை வைத்து அதை நிரப்பிக்கொள்வார்.

இரண்டாவது பயன் தகவலை வைக்கும் இடம் பற்றியது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2014இல் பொது அறிவுக் கேள்விகளைக் கேட்டு, பதில் வருவதற்கு முன் இடையில் தொடர்பில்லாத முகங்களைக் காட்டினார்கள். பதிலை அறியத் துடித்த வேளையில் பார்த்த முகங்களும் மற்றவற்றைவிட நன்றாக நினைவில் நின்றன. ஊர் வருணனை, குடும்ப வரலாறு போன்ற கனமான பகுதிகளை, கேள்வி எழுந்தபின், விடை வருவதற்கு முன் வைக்கலாம். துப்பறியும் கதைக்காரர்கள் இதை எப்போதும் செய்துவந்திருக்கிறார்கள்.

இன்றைய நிலை

2023இல் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கதை கேட்பவரின் மூளைப் பதிவிலிருந்தே அக்கதையின் சாரத்தைக் கணினியால் சொற்களாக்கிக் காட்டினர். ஒருவரை 16 மணி நேரம் கருவிக்குள் கதை கேட்கவைத்துப் பழக்கியபின்தான் அது முடிந்தது.