கப்பலில் காத்திருந்த சமையல்காரர்

நம்மில் பலருக்குப் பேரன் பேத்திகள் அமெரிக்காவில் பிறந்தவர்கள். அப்பா அம்மா வேலை விசாவில் இருந்தாலும், அங்கே பிறந்த குழந்தைக்கு அந்நாட்டுக் குடியுரிமை என்பதே இதுவரை வழக்கம். இந்த உரிமை எப்படி வந்தது?

1857-இல் டிரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில், கறுப்பின மக்கள் குடிமக்கள் ஆகவே முடியாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். உள்நாட்டுப் போருக்குப் பின், அந்த அநியாயத்தைத் துடைக்க 1868-இல் அரசியல் சட்டத்தில் 14-ஆவது திருத்தம் சேர்ந்தது. அமெரிக்காவில் பிறந்து, அதன் அதிகாரத்துக்கு உட்பட்ட எல்லோரும் குடிமக்கள் என்றது அது.

வோங் கிம் ஆர்க் ஒரு சமையல்காரர். 1873-இல் சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். அன்று சீனர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறச் சட்டத்தில் இடமில்லை. சீனத் தொழிலாளர்கள் வருவதற்கும் 1882 முதல் தடை. 1895-இல் சீனா போய்த் திரும்பியவரை, குடிமகன் அல்ல என்று சொல்லி இறங்க விடவில்லை. பிறந்த ஊர் கண்ணெதிரே இருக்க, மாதக்கணக்கில் கப்பலிலேயே கிடந்தார். வழக்கு நடந்தது. 1898 மார்ச் 28-இல், ஆறு நீதிபதிகள் அவர் பக்கம், இருவர் எதிர்ப்பக்கம். அவர் பிறப்பாலேயே குடிமகன் என்று தீர்ப்பானது.

2025 ஜனவரி 20-இல் பதவியேற்ற அன்றே அதிபர் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். தாய் அனுமதியின்றியோ தற்காலிக விசாவிலோ இருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லாவிட்டால், குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்றது அது. ஏற்கெனவே பிறந்தவர்களை அது தொடவில்லை. கீழ் நீதிமன்றங்கள் ஆணையைத் தடுத்தன. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

வோங்கின் பெற்றோர் அங்கேயே நிலையாகக் குடியிருந்தவர்கள்; தற்காலிகமாக வந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது என்பது அரசின் வாதம். அந்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழும் எவரும் அதன் அதிகாரத்துக்கு உட்பட்டவர்தான். தூதர்களின் பிள்ளைகள் போன்ற சிலர் மட்டுமே விலக்கு என்பது எதிர்த்தரப்பு வாதம்.

நம் நாட்டிலும் 1987 ஜூலை 1 முதல் பிறந்த இடம் மட்டும் போதாது, பெற்றோரையும் பார்ப்பார்கள். ஆனால் அதை நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மாற்றியது. அமெரிக்காவில் இது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அதைத் திருத்த இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். ஒரே கையெழுத்தில் அது மாறலாம் என்றால், அந்தச் சமையல்காரர் கப்பலில் காத்துக் கிடந்ததற்கு என்ன பொருள்?