மிதிகட்டையும் கடைசற்பொறியும்

மத்தினைக் கயிற்றால் முன்னும் பின்னும் சுழற்றித் தயிரைக் கலக்குதலையும், மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருட்சி செய்தலையும் 'கடைதல்' என்னும் ஒரே சொல்லால் தமிழர் குறிப்பர். சுற்றிய கயிறு இழுபடுந்தோறும் திசைமாறும் சுழற்சியே இவ்விரு தொழிற்கும் பொதுவாய் நின்றது எனக் கருத இடமுண்டு. இச்சுழற்சியைக் காலால் எழுப்பிய மேனாட்டுப் பொறியின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

இடைக்கால ஐரோப்பாவில் வழங்கிய கழிக் கடைசற்பொறியின் அமைப்பு எளியது. தலைக்கு மேலே வளையுந் தன்மையுடைய நெடுங்கழி ஒன்று இருக்கும். அதன் நுனியினின்று இறங்குங் கயிறு, கடையப்படும் மரத்தைச் சுற்றி வந்து, கீழேயுள்ள மிதிகட்டையிற் பிணைக்கப்பெறும். மிதித்தால் மரம் கடைவோனை நோக்கிச் சுழலும், உளி வெட்டும். காலை உயர்த்தினால் கழி நிமிர்ந்து மரத்தைப் பின்னோக்கிச் சுழற்றும். அப்போது உளி விலகி நிற்கும். நூரம்பெர்க்கு நகரத்து மெண்டல் அறநிலைய ஏட்டில், ஏறத்தாழ 1425ஆம் ஆண்டைச் சார்ந்த ஓவியம் இப்பொறியைக் காட்டுகின்றது.

இலியனார்தோ தா வின்சியின் அத்திலாந்திக்கு ஏட்டிலுள்ள வரைபடமோ வேறொரு நெறியைக் காட்டுகின்றது. அதில் மிதிகட்டை வளைந்த அச்சினைத் திருப்ப, கனத்த சக்கரம் மரத்தை ஒரே திசையில் இடையறாது சுழற்றும். மீள்சுழற்சியிற் காலம் வீணாகாமையின் இது மேம்பட்டது என்பது வெளிப்படை.

அங்ஙனமாயின் பழைய பொறி மறைந்ததோ எனின், மறைந்திலது. இங்கிலாந்தில் சில்டர்ன் குன்றுகளின் பீச்சு மரக் காடுகளில் நாற்காலிக் கால்களைக் கடைந்தோர், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கழிப்பொறியைக் கைவிடவில்லை. அவர்கள் மரத்தை வெட்டிய இடத்திலேயே, பச்சையாக இருக்கும்போதே கடைந்து, ஐ விக்கம் நகரத்து நாற்காலித் தொழிற்சாலைகளுக்கு விற்றனர். கனத்த சக்கரத்தைக் காட்டிற்குச் சுமந்து செல்லல் அரிது. கழியோ காட்டிலேயே கிடைக்கும்.

சக்கரப்பொறி தன் இடத்தைப் பட்டறையிற் பெற்றது. அமெரிக்காவில் இராக்போர்டு நகரத்துப் பார்ன்சு நிறுவனம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காலால் இயங்கும் வாள்களையும் கடைசற்பொறிகளையும் செய்து விற்றது. நீராவிப்பொறி வாங்கவியலாத சிறு தச்சர்க்கு இவை துணையாயின.

ஆகவே, பிந்தியது முந்தியதை ஒழிக்கும் என்னும் பொதுமுடிபு கருவி வரலாற்றிற்குப் பொருந்தாது. தொழில் நிகழும் இடமும் தொழிலாளியின் பொருள்நிலையுமே கருவியைத் தெரிந்தெடுக்கின்றன. நம் நாட்டுக் கடைசற் சொற்களைத் தொகுப்போரும் சொல்லை மட்டுமன்றி, அக்கருவி எவ்வாறு இயங்கிற்று, எங்கு வழங்கிற்று என்பவற்றையும் உடன் பதிதல் வேண்டும். இயக்கம் மறந்தபின் சொல்லின் பொருளும் மங்கிவிடும் என்க.