படம் சொல்வதும் சொல்லாததும்

சில ஆண்டுகளுக்கு முன் செஞ்சி சாலையில் நிகழ்ந்த விபத்தொன்றில் தலையில் அடிபட்ட இளைஞரின் தந்தை, ஸ்கேன் படத்தோடு கீழ்பென்னாத்தூரில் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், மூளை செத்துவிட்டது என்கிறார்கள். பிள்ளைக்கு ஹயாத் இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இவ்வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

எக்ஸ்ரே மண்டையோட்டைக் காட்டியதேயன்றி மூளையைக் காட்டவில்லை. அமெரிக்க மருத்துவர் வால்டர் டேண்டி 1918இல், மூளையின் உள்ளறைகளில் உள்ள நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்திப் படம் பிடித்தார். காற்றின் நிழல் விலகியிருந்தால் ஏதோ ஒன்று அதைத் தள்ளுகிறது என்று பொருள். அது நோயாளிக்குப் பெரும் வேதனை. நமக்கு அண்மையிலுள்ள வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் இந்தியாவின் முதல் மூளை அறுவைத் துறையைத் தொடங்கியபோதும் ஸ்கேன் என்பதே உலகில் இல்லை.

1971 அக்டோபர் 1 அன்று லண்டனில், பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. அவர் பணியாற்றிய நிறுவனம் இசைத்தட்டு விற்று வந்த இ.எம்.ஐ. என்பது வியப்புக்குரியது! புதிய இரத்தக் கசிவு இப்படத்தில் வெண்மையாகத் தெரியும். ஆனால் பக்கவாதத்தின் முதல் சில மணி நேரங்களில் படம் குறையற்றதாகவே தோன்றக்கூடும்.

மூளைச் சாவோ வேறு விஷயம். நமது நாட்டின் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர் கொண்ட குழுவே அதை உறுதி செய்யவேண்டும். ஒளிக்குக் கண்மணி சுருங்குகிறதா, வென்டிலேட்டரை விலக்கினால் தானாக மூச்சு வருகிறதா என்றெல்லாம் சோதித்து, குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து மீண்டும் சோதிப்பார்கள். சேதம் எவ்வளவு என்பதை ஸ்கேன் காட்டும். இச்சோதனைகளுக்கு அது ஈடாகாது.

மார்க்க அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு மன்றம், மூளையின் இயக்கம் முழுவதும் மீளாதவாறு நின்றுவிட்டதாக நிபுணர்கள் முடிவு செய்தால் அதுவும் மௌத்தே என்றது. மறு ஆண்டு மக்காவின் ராபிதா ஃபிக்ஹு மன்றமோ, கருவியை அகற்ற அனுமதித்தாலும், இதயமும் மூச்சும் நின்ற பின்னரே மௌத்துக்குரிய சட்டங்கள் பொருந்தும் என்றது.

அன்று அந்தத் தந்தையை மருத்துவமனைக்கே திருப்பி அனுப்பி, குழு சோதித்துவிட்டதா என்று மட்டும் கேட்கச் சொன்னேன். முதல் சோதனையே அப்போது நடந்திருக்கவில்லை.