ஸ்மர்ப்ரோ (ஒஸ்லோ)

வெண்ணெய் தடவிய ஒற்றை ரொட்டித் துண்டின் மேல் மீன், இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி ஆகியவற்றைப் பரப்பி, மூடாமல் உண்ணும் நார்வே உணவு. செக் நாட்டின் ஹ்லெபீச்கி, டென்மார்க்கின் ஸ்மெர்ரெப்ரோ ஆகியவை இதன் உறவுகள். 1814 வரை நார்வே டென்மார்க்கோடு ஒரே முடியின் கீழ் இருந்ததால் டேனிய உணவு வழக்கங்கள் நார்வே நகரங்களிலும் பரவின. டேனியர் ரை என்னும் தானியத்தாலான ரொட்டியையே பெரிதும் விரும்புவர். நார்வேயில் வெள்ளை ரொட்டியும் முழுக்கோதுமை ரொட்டியும் மிகுதி.

1925 வரை கிறிஸ்தியானியா எனப்பட்ட ஒஸ்லோவில் இவ்வுணவுக்கு மேசை போட்டவை உணவகங்கள். 1857-இல் தோன்றிய எங்கெப்ரெட் கஃபேக்கு நாடகக் கலைஞர்களும் எழுத்தாளர்களும் வந்தனர். 1874-இல் திறந்த கிராண்ட் கஃபேயில், 1891-இல் தாயகம் திரும்பிய நாடகாசிரியர் இப்சன் நாள்தோறும் தமக்குரிய மேசையில் அமர்ந்தார். தேசிய நாடக அரங்கின் எதிரே தியாட்டர்கஃபேன் 1900-இல் வந்தது.

ஆனால் ஒஸ்லோவின் வாழ்வை மாற்றிய ரொட்டித் துண்டு உணவகங்களில் பிறந்ததன்று, பள்ளிகளில் பிறந்தது. நகரப் பள்ளிகள் ஏழைக் குழந்தைகளுக்குச் சூடான உணவு வழங்கிவந்தன. அதில் உயிர்ச்சத்து போதவில்லை என்று கண்ட மருத்துவர் கார்ல் ஷொட்ஸ், அதற்கு மாற்றாகச் சமைக்கத் தேவையில்லாத ஓர் உணவை வகுத்தார்: முழுதானிய ரொட்டி, மார்கரின், பாலாடைக்கட்டி, பால், பழம் அல்லது பச்சைக் காய்கறி, குளிர்காலத்தில் மீனெண்ணெயும் உண்டு. 1930-களில் வகுப்பு தொடங்குமுன் பிள்ளைகள் அனைவருக்கும் இது இலவசமாகக் கிடைத்தது. ஏழை, பணக்காரர் என்று பிரிக்காமல் எல்லாரையும் ஒரே மேசையில் அமர்த்தியதே இத்திட்டத்தின் பெருமை. ‘ஒஸ்லோ காலை உணவு’ என்று புகழ்பெற்ற இம்முறை பிரிட்டன், ஆஸ்திரேலியா வரை சென்றது. பின்னாளில் பள்ளி உணவு குறைய, வீட்டிலிருந்து கட்டிவரும் ‘மாட்பக்கெ’ பொதி அதன் இடத்தைப் பிடித்தது. துண்டுகள் ஒட்டாதிருக்க இடையில் மெல்லிய தாள் வைப்பார்கள். ஒஸ்லோவில் வளரும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகளின் பள்ளிப்பையிலும் இதைக் காணலாம்.

பொதிக்குள் அடிக்கடி இருப்பது பழுப்புப் பாலாடைக்கட்டி. மோர்நீரைப் பால்கோவாபோல் சுண்டக் காய்ச்சுவதால் அதற்கு அந்நிறமும் இனிப்பும் வருகின்றன. 1863-இல் குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கின் அன்னெ ஹோவ் அதில் பாலேடு சேர்த்து இன்றைய வடிவத்தைத் தந்தார். அதை மெல்லிசாகச் சீவும் கருவியை 1925-இல் லில்லஹாமர் தச்சர் தோர் பியோர்க்லுண்ட் உருவாக்கினார்.

உணவகத்தில் ஸ்மர்ப்ரோவைக் கத்தி, முள்கரண்டியால் உண்பது வழக்கம். புகையூட்டிய சால்மனுடன் முட்டைப் பொடிமாஸ், மாட்டிறைச்சியுடன் ரெமுலாட் சாஸ் ஆகியவை நிலைத்த இணைகள். இறாலே இவற்றுள் தலையானது: வெள்ளை ரொட்டி, மயோனைஸ், எலுமிச்சை, சதகுப்பைத் தழை, இவற்றோடு கடலிலேயே வேகவைத்த சிறு இறால். உணவகம் வேண்டாதோர் நகரமன்றத் துறையில் படகிலிருந்தே இறால் வாங்கி, ஓடுரித்து, ரொட்டியில் தாமே குவித்துக்கொள்ளலாம்.