கண்டனமும் சட்டமும்: நிக்சன் ஆட்சிக்கால அமெரிக்கக் காங்கிரஸ் பற்றிய ஒரு நோக்கு

ஆட்சியாளரைக் கண்டிப்பது எதிர்க்கட்சியின் கடமை என்பர். எனினும், சபையில் எழுந்த கண்டனம் சபையிலேயே அடங்கிவிடுமாயின் அதனால் விளையும் பயன் சிறிதே. அக்கண்டனம் எவ்வாறு சட்டமாக உருப்பெறுகின்றது, அச்சட்டம் பின்வரும் ஆட்சியாளரை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்துகின்றது என்பனவே வரலாற்று மாணவர் எழுப்பவேண்டிய வினாக்களாம். ஐக்கிய அமெரிக்காவில் 1973, 1974 ஆம் ஆண்டுகளில் இயற்றப்பெற்ற இரு சட்டங்கள் இவ்வினாக்களை ஆராய்வதற்குத் தக்க சான்றுகளாகும்.

1972 நவம்பர்த் தேர்தலில் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த சனாதிபதி றிச்சட் நிக்சன் 50 மாநிலங்களுள் 49 இல் வெற்றியீட்டினார். ஆயினும், அதே தேர்தலில் பிரதிநிதிகள் சபை, செனற் சபை ஆகிய இரண்டிலும் ஜனநாயகக் கட்சியே பெரும்பான்மையைத் தக்கவைத்துக்கொண்டது. பாராளுமன்ற முறையில் எதிர்க்கட்சி என்பது பெரும்பாலும் சிறுபான்மையையே குறிக்கும். இங்கோ சனாதிபதியை எதிர்த்தோரின் கையிலேயே சட்டவாக்கத்துறை இருந்தது.

அவர்தம் கண்டனம் இரு விடயங்களைப் பற்றியதாயிருந்தது. முதலாவது, போர். 1969 மார்ச்சில் தொடங்கிய கம்போடியா மீதான இரகசியக் குண்டுவீச்சு 1973 இலேயே வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டாவது, பொதுப்பணம். நீர் மாசடைதலைத் தடுக்கும் சட்டத்தை நிக்சன் 1972 ஒக்டோபரில் நிராகரித்தார். காங்கிரஸ் அந்நிராகரிப்பை மீறி அதனைச் சட்டமாக்கியது. அதன்பின் அவர், 1973, 1974 நிதியாண்டுகளுக்கென அனுமதிக்கப்பட்ட 1,100 கோடி டொலரில் 500 கோடிக்கு மேல் பகிர்ந்தளிக்கலாகாது எனப் பணித்தார். சட்டத்தைத் தோற்கடிக்க இயலாதவர், பணத்தை நிறுத்துவதன் மூலம் அதனைச் செயலிழக்கச் செய்ய முனைந்தார்.

இங்கு ஓர் உண்மையை மறைத்தலாகாது. சனாதிபதியின் கை இவ்வளவு நீண்டமைக்கு ஜனநாயகக் கட்சியினரும் பொறுப்பாளிகளே. அக்கட்சியைச் சேர்ந்த லிண்டன் ஜோன்சன் சனாதிபதியாயிருந்தபோது, 1964 ஓகஸ்டில், வியட்நாமில் போர் புரிவதற்கு வழிதிறந்த தொன்கின் வளைகுடாத் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் எதிர்ப்பின்றி 416 வாக்குகளாலும், செனற் சபையில் 88க்கு 2 என்ற வாக்குகளாலும் நிறைவேறியது. பணத்தை நிறுத்திவைக்கும் வழக்கமும் நிக்சனுக்கு முந்தியதே. தம்மவர் ஆண்டபோது பொறுத்ததையே பிறர் ஆண்டபோது அவர்கள் கண்டித்தனர்.

எனினும், அக்கண்டனம் சட்டமாயிற்று. போர் அதிகாரத் தீர்மானத்தின்படி, படைகளை மோதலில் ஈடுபடுத்தும் சனாதிபதி 48 மணித்தியாலங்களுள் காங்கிரசுக்கு அறிவித்தல் வேண்டும். காங்கிரஸ் அனுமதியாவிடின் 60 நாட்களில் மோதலை முடித்துக்கொள்ளல் வேண்டும். படைகளைப் பாதுகாப்பாக மீட்க மேலும் 30 நாட்கள் வழங்கப்படலாம். நிக்சன் இதனையும் நிராகரித்தார். 1973 நவம்பர் 7 ஆந் திகதி பிரதிநிதிகள் சபை 284க்கு 135 எனவும், செனற் சபை 75க்கு 18 எனவும் வாக்களித்து அந்நிராகரிப்பை முறியடித்தன. மூன்றில் இரண்டு பங்கினை ஜனநாயகக் கட்சி தனித்துப் பெற்றிருக்க இயலாது. சனாதிபதியின் சொந்தக் கட்சியினரும் துணைநின்றனர்; செனற் சபையில் இச்சட்டத்தின் முதன்மைச் சிற்பியான ஜேக்கப் ஜாவிற்ஸ் குடியரசுக் கட்சியினரே. மறுபுறம், ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த தோமஸ் ஈகிள்ற்றன், இச்சட்டம் சனாதிபதிக்கு அறுபது நாட் போருக்கு உரிமை தருவதாகக் கருதி அதனை எதிர்த்தார்.

அடுத்து வந்தது வரவுசெலவுத்திட்ட மற்றும் நிதி நிறுத்தக் கட்டுப்பாட்டுச் சட்டம். ஒதுக்கிய நிதியைச் சனாதிபதி இரத்துச்செய்ய விரும்பின், 45 நாட்களுள் காங்கிரசின் இசைவைப் பெறல் வேண்டும் என அது விதித்தது. வோட்டர்கேற் விவகாரத்தில் வலுவிழந்திருந்த நிக்சன் 1974 யூலை 12 இல் அதில் ஒப்பமிட்டார். ஒரு மாதம் கழியுமுன், ஓகஸ்ட் 9 இல், பதவி துறந்தார்.

இச்சட்டங்கள் தாமாகவே காவல் புரிந்தனவா? 1999 இல் கொசோவோவிலும் 2011 இல் லிபியாவிலும் 60 நாள் எல்லை கடக்கப்பட்டது. அவ்வேளைகளில் ஆண்ட கிளின்ரனும் ஒபாமாவும் ஜனநாயகக் கட்சியினரே. உக்ரேனுக்கான உதவிநிதியை 2019 இல் நிறுத்திவைத்தமை 1974 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரணானதெனக் காங்கிரசின் கணக்காய்வு நிறுவனம் 2020 சனவரியில் முடிவுசெய்தது; அப்போது ஆண்டவர் குடியரசுக் கட்சியினரான டிரம்ப். ஆதலின், மீறுதல் ஒரு கட்சிக்கே உரிய குணமன்று. ஆனால், மீறலை மீறலென அளந்து கூறுவதற்கு ஓர் அளவுகோலை அச்சட்டங்கள் நிலைநாட்டின. அளவுகோல் இல்லாதவிடத்துக் குற்றச்சாட்டு வெறும் கட்சிப் பூசலாகவே எஞ்சும்.

1978 முதல் நிறைவேற்று அதிகாரமுடைய சனாதிபதி முறையின்கீழ் வாழும் எமக்கு இவ்வரலாறு அயலார் கதையன்று. நாளை தம்மவர் அப்பதவியில் அமரினும் அவரையும் கட்டுப்படுத்தும் சட்டத்தை இன்று கோருகின்ற எதிர்க்கட்சியே மெய்யான எதிர்க்கட்சியாகும். அச்சட்டத்தைத் தம்மவர் மீறும்போதும் எழுந்து நிற்பார்களா என்பதே அதன் இறுதிச் சோதனை.