பேரன் என்னும் சொல்லும் பாலராமபுரத்துக் குடிவழிகளும்

'பேரன்' என்பது 'பெயரன்' என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். பாலராமபுரத்துச் சாலியர் குடிவழிகளைத் தேடப் புகுவோர் முதலில் இடறுவது இச்சொல்லில்தான். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரிடும் வழக்கம் நிலைத்த குடும்பத்தில் இரண்டு பெயர்களே மாறி மாறி வரும். முதலெழுத்தும் தந்தை பெயரே ஆதலால் பாட்டனும் பேரனும் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உடையவராகின்றனர். தேதியற்ற ஓலையொன்றில் அப்பெயரைக் காணும் ஆய்வாளர் எவரென்று கொள்வது?

அரச குடும்பமும் இச்சிக்கலுக்கு விலக்கன்று. திருவிதாங்கூர் மன்னர் பலரும் 'வர்மா'க்களே. பிறந்த விண்மீனைக் கொண்டே அவர்களைப் பிரித்தறிகிறோம். ஊருக்குப் பெயர் தந்த பாலராம வர்மா (ஆட்சி 1798–1810) அவிட்டம் திருநாள். அவருக்கு முன்னவர் கார்த்திகைத் திருநாள். பாலராம வர்மா காலத்தில் திவான் உம்மிணித் தம்பி, வள்ளியூர்ப் பகுதியிலிருந்து சாலியரை வரவழைத்து இங்கே குடியமர்த்தினார் என்பதே இவ்வூர்த் தறிகளின் தொடக்க வரலாறு.

தந்தைவழித் தமிழ்க்குடிகள் வந்து சேர்ந்ததோ மருமக்கத்தாயமும் வீட்டுப் பெயரும் வேரூன்றிய மண். நெய்யாற்றின்கரை, பாறசாலை ஊர்களில் '–விளை', '–விளாகம்', '–கோணம்' என முடியும் வீட்டுப் பெயர்கள் மிகுதி. இப்பெயர் நிலத்தைச் சார்ந்தது, குருதியைச் சார்ந்ததன்று. பாகம் பிரிந்து வேறு புரையிடத்தில் வீடு கட்டிய தம்பிக்கு வேறு பெயர் அமைந்துவிடும். இரண்டே தலைமுறையில் பங்காளிகள் தாளில் அந்நியராகின்றனர்.

இதற்கு இணையான ஒன்றைப் பிரெஞ்சுக் கனடாவில் காணலாம். அங்கே குடும்பப் பெயருடன் 'எனப்படும்' என்று பொருள்படும் 'தி' என்னும் சொல்லை இணைத்து மற்றொரு பெயரையும் வழங்கினர். 17ஆம் நூற்றாண்டின் 'மிவில் தி தெஷேன்' குடும்பத்தின் வழித்தோன்றல்களில் சிலர் மிவில் ஆயினர், சிலர் தெஷேன் ஆயினர். ஆயினும் கியூபெக்கின் பங்குப் பதிவேடுகள் மணமகளைப் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறித்தன. தாங்கே பாதிரியார் 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளில் குடிவழி அகராதி வெளியிட முடிந்ததற்கு அப்பதிவேடுகளே அடித்தளம். நம் ஆவணங்களிலோ பெண் பெரும்பாலும் 'இன்னார் மனைவி'. தாய்வழியைப் போற்றிய அண்டை வீட்டாரிடம் தந்தை மங்கலாகிறார். சாலியர் தெருவில் தாய் மறைகிறாள்.

எல்லையூர்க் கிறித்தவக் குடும்பங்களில் இன்னொரு முறிவு உண்டு. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனது தமிழுக்குள்ளேயே நிகழ்ந்த மாற்றம். பின்னர் இலண்டன் மிஷன் விடுதிப் பள்ளிகளில், பொருளுதவி செய்த ஆங்கிலேயரின் பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கம் வந்தது. முன்பின் அறியாத ஒருவரின் பெயர் இவ்வாறு நெய்யாற்றங்கரைக் குடும்பமொன்றின் தலைப்பெயராகி இருக்கக்கூடும். அப்பெயரை வைத்து ஆங்கிலேய மூதாதையரைத் தேடுவது வீண்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. தமிழர் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளைக்கு அப்பால் உள்ள பங்காளி தந்தை பெயரின் முதலெழுத்தைப் பெயருக்கு முன்னே எழுத, இப்பால் உள்ளவர் வீட்டுப் பெயரின் எழுத்தையும் சேர்த்துப் பின்னே எழுதும் நிலை வந்தது. மலையாளவழிக் கல்வி கற்ற தலைமுறைக்கோ தாத்தாவின் தமிழ் ஓலை வெறும் கீறல்.

திருநெல்வேலிச் சீமையில் பங்குனி உத்திரத்தன்று குடும்பங்கள் தத்தம் சாஸ்தா கோயிலில் கூடுகின்றன. பெயரும் முதலெழுத்தும் மாறினாலும் கும்பிடும் சாஸ்தா தந்தைவழியில் தொடர்கிறார். வள்ளியூர்ப் பக்கத்து வேர்களைத் தேடும் மாணவர்கள் பெயரைக் கேட்குமுன் அக்கோயிலைக் கேட்பது நன்று. கூடவே வீட்டு மூதாட்டியிடம், அவர் மணமாகி வருமுன் எந்தச் சாஸ்தாவைக் கும்பிட்டார் என்றும் கேட்க வேண்டும். 'இன்னார் மனைவி' என்று மட்டும் எழுதப்பட்ட பெண்ணின் பிறந்தகத்தை அறிய அந்த விடை உதவும்.